மூச்சுக்குழல் விரிப்பியா, தளர்த்தியா?

வணக்கம். மூலிகைச் சாறுகள் விலங்குகளின் மூச்சுக்குழல் தசையில் என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வுகளிலும், சுருக்கத்தைக் குறைக்கும் சாற்றை 'மூச்சுக்குழல் விரிப்பி' என்றே எழுதலாம் என்று நம் கலைச்சொல் பட்டியலுக்குச் சொல்லியிருந்தீர்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் எடுக்கும் மருந்துக்கு அது நல்ல சொல். ஆய்வுக்கூட வேலைக்குப் பொருந்தாது.

அங்கே நடப்பதைப் பாருங்கள். கினிப்பன்றியின் மூச்சுக்குழலை வளையம் வளையமாக நறுக்குகிறார்கள். தசைக்கு எதிர்ப்பக்கம் குருத்தெலும்பை வெட்டித் திறந்து, வளையங்களை நூலால் ஒன்றோடொன்று கட்டுகிறார்கள். 37 டிகிரி உப்புக் கரைசலில் அந்தச் சங்கிலி தொங்கும். 95% ஆக்சிஜனும் 5% கார்பன் டை ஆக்சைடும் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். தசையைச் சுருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை விட்டால் இழுவிசை ஏறும். சாறு வேலை செய்தால் இறங்கும். விரிவதற்கு இதில் குழலே இல்லை! அளப்பது தசையின் இழுவிசையை மட்டும்தான்.

ஆகவே 'தளர்த்தி'. வெறும் 'தசைத்தளர்த்தி' கூடாது. அறுவை சிகிச்சையில் எலும்புத்தசையைத் தளர்த்தும் மருந்தையும் அப்படித்தான் சொல்வோம். 'மூச்சுத்தசைத் தளர்த்தி' அதைவிட ஆபத்து. மூச்சுத்தசை என்றால் உதரவிதானமும் விலா எலும்பிடைத் தசைகளும். அவை தளர்ந்தால் மூச்சே நின்றுவிடும். 'மூச்சுக்குழல்தசைத் தளர்த்தி' நீளம்தான், ஆனால் வாசகர் தடுமாற மாட்டார். நடக்கும் மாற்றத்தைத் 'தளர்வு' என்போம். 'தளர்ச்சி' வேண்டாம், நரம்புத் தளர்ச்சி என்று கேட்டுக் கேட்டு அது நோயின் பெயராகிவிட்டது.

அப்புறம், இழுவிசை இறங்கினாலே தளர்த்தி என்று எழுதிவிடக் கூடாது. நரம்பு முனையிலிருந்து வந்து தசையைச் சுருக்கும் பொருள் அசெட்டைல்கோலின்; ஊமத்தையிலுள்ள அட்ரோபின், அது தசையில் போய் ஒட்டும் இடமான ஏற்பியை அடைக்கிறது. ஆகவே அசெட்டைல்கோலினால் வந்த சுருக்கம் அடங்கும். ஹிஸ்டமின் நேராகத் தசையில் உண்டாக்கிய சுருக்கம் அப்படியே நிற்கும். மருந்துக்கூர்க்கன் வேரிலிருந்து கிடைக்கும் ஃபோர்ஸ்கோலின் வேறு வழியில் போகிறது. செல்லுக்குள்ளேயே தகவல் கடத்தும் சுழற்சி ஏஎம்பி (cAMP) என்ற மூலக்கூறின் அளவை உயர்த்துவதால், தசையைச் சுருக்கியது எதுவானாலும் தளர்த்தப் பார்க்கும். முன்னது 'சுருக்கத் தடுப்பி', பின்னதுதான் 'தளர்த்தி'. சாறு எந்த வகை என்று ஆய்வு பிரித்துக் காட்டவில்லையா, 'சுருக்கம் குறைந்தது' என்று எழுதினால் போதும்.

உயிருள்ள விலங்கில் மூச்சுப்பாதையின் தடையை அளந்த ஆய்வுகளுக்கு 'விரிப்பி' இருக்கட்டும்; அங்கே குழல் உண்மையிலேயே அகலுகிறது. 'சுருக்கத் தடுப்பி'யைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றும் முன் மாற்றிவிடலாம்.