சல்ஃபோலோபஸ் தட்டில் காலனியாக வரவில்லை, உதவி தேவை

வணக்கம். வெந்நீர் ஊற்று ஆர்க்கியாவை (பாக்டீரியா போலத் தெரியும், ஆனால் வேறு வகையான ஒற்றைச் செல் நுண்ணுயிரி) ஆய்வகத்தில் வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பாருங்கள். அதில் ஒன்றான சல்ஃபோலோபஸ் ஆசிடோகால்டேரியஸ் (சேகரிப்பு எண் டிஎஸ்எம் 639) திரவத்தில் அருமையாக வளர்கிறது, ஜெல் ஊற்றிய தட்டில் மட்டும் தனித்தனிக் காலனியாக (ஒரே செல்லிலிருந்து பெருகிய புள்ளியாக) வர மறுக்கிறது. மரபணு மாற்றிய செல்களைப் பிரித்தெடுக்க ஒற்றைக் காலனி கட்டாயம் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலாக வேலை இங்கேயே நிற்கிறது.

இடம் ஜெர்மனி, பல்கலைக்கழக ஆய்வகம். பிராக் ஊடகம் (இவ்வகை உயிரிகளுக்கான தாது உப்புக் கரைசல்), உணவாக டிரிப்டோன், டெக்ஸ்ட்ரின், 75 டிகிரி செல்சியஸ், பிஎச் 3. குலுக்கும் குடுவை இரண்டு மூன்று நாளில் கலங்கிவிடும். நுண்ணோக்கியில் ஒழுங்கற்ற உருண்டைகள் தெளிவாகத் தெரிகின்றன, ஆக செல்களில் குறை இல்லை.

அகார் இந்தச் சூட்டிலும் அமிலத்திலும் நிற்காது என்பதால் ஆரம்பம் முதலே 0.6 சதவீத ஜெல்ரைட்தான் (அகாருக்குப் பதிலாகச் சூடு தாங்கும் ஜெல் பொருள்). அது இறுக மெக்னீசியம் குளோரைடு 10 மில்லிமோலார், கால்சியம் குளோரைடு 3 மில்லிமோலார். நன்றாகவே இறுகுகிறது, சிக்கல் அப்புறம்தான். ஈரத்தாள் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் மூடியில் நீர் கோத்துச் சொட்டுகிறது. மூன்றாம் நாள் பார்த்தால் காலனி இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரே படலம். ஈரத்தைக் குறைத்தால் ஜெல் சுருங்கி ஓரத்தை விட்டு விலகுகிறது. காலனி கண்ணுக்குத் தெரிய 5 முதல் 7 நாள் ஆகும், அதுவரை தட்டு தாங்குவதில்லை. கவிழ்த்து வைத்தேன், ஜெல் வழுக்கி மூடியில் விழுந்தது. கண்ணாடித் தட்டு, தடிமனாக ஊற்றுவது இரண்டும் பார்த்தாயிற்று. தட்டின் ஓரத்தைச் சுற்றி மூடும் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலம் இந்தச் சூட்டில் உருகிவிடும்.

75 டிகிரியில் ஒரு வாரம் தட்டு காயாமலும் மேலே நீர் தேங்காமலும் இருக்க நீங்கள் எப்படி வைக்கிறீர்கள்?