வகுப்பறையில் திரை: டெல்டாப் பள்ளிகளுக்குத் தேவையா?

கோரையாற்று ஆசிரியர்:
திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்து, எங்கள் பக்கத்து ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரத்தை நம்பிய பாடம் நமக்கு எதற்கு என்று கேட்டேன். இன்று சில பாடங்களைத் திரை இல்லாமல் நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

ஆறுகள் பற்றிய பாடத்துக்குச் செயற்கைக்கோள் படத்தைப் புரொஜெக்டரில் போட்டேன். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும். நீடாமங்கலத்தில் ஆறு பிரியும் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து வந்து, கோரையாற்றிலிருந்து கிளை வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போய், அப்பா குத்தகைக்கு எடுத்த வயலில் விரலை வைத்தாள். “எங்களுக்கு மேலே இத்தனை வயலா? அப்புறம் எப்படித் தண்ணீர் வரும்?” என்றாள். முறை வைத்துத் தண்ணீர் விடுவது ஏன், கடைமடைக்காரர்கள் மறியல் செய்வது ஏன் என்று அந்தப் பாடவேளை முழுவதும் பேசினோம். சுவரில் தொங்கும் வரைபடத்தில் எங்கள் வாய்க்காலே இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அந்த வாய்க்கால் உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில்தானே ஓடுகிறது, ஐயா? பிள்ளைகளை மதகடிக்கு அழைத்துப் போனால் ஷட்டரை எவ்வளவு ஏற்றினால் எவ்வளவு தண்ணீர் போகும் என்று மதகை இயக்கும் பணியாளரான லஸ்கரே சொல்லுவார். திரை தனியாகவும் வருவதில்லை. வருகைப்பதிவு, மதிப்பீடு எல்லாவற்றையும் செயலியில் ஏற்று என்கிறார்கள். இணையம் கிடைக்காமல் ஆசிரியர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். முதல் பாடவேளை அதிலேயே போய்விடுகிறது.

மன்னார்குடி அம்மா:
2020-இல் பள்ளிகளை மூடியபோது எங்கள் வீட்டில் ஒரே போன். அதையும் அவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மகள் இரவில் பாடம் பார்ப்பாள். சின்னவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதையே மறந்துவிட்டான். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பக்கத்துத் தெருப் பெண் மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் மீண்டும் படிக்கத் தொடங்கினான். அவரிடம் இருந்தவை எழுத்து அட்டைகளும் பொறுமையும்தான்.

கோரையாற்று ஆசிரியர்:
அம்மா, அதனால்தான் வீட்டுப்பாடத்தை நான் போனில் அனுப்புவதே இல்லை. திரை பள்ளியில் இருந்தால் போன் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அது பொது.

ஐயா, பதிவேற்றச் சுமை கற்பித்தலே அல்ல. அதை எதிர்த்து நீங்கள் மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. மதகைப் பற்றிச் சொன்னதில்தான் உடன்பட முடியவில்லை. மதகடியில் நிற்கும் பிள்ளைக்கு அந்த மதகுதான் தெரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் நமக்கு வந்துசேர ஏன் இத்தனை நாள் ஆகிறது என்பதற்கு முழு ஆற்றையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
உங்களைப் போன்றவர் கையில் சரி. இன்னொருவர் காணொளியை ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரே! அறிவியல் ஆசிரியர் இதயத்தைக் கரும்பலகையில் வண்ண சாக்பீஸால் வரையும்போது பிள்ளையும் கூடவே வரைகிறது. எந்த அறையில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம், எதில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்பது கைவழியாகவே மனத்தில் ஏறுகிறது. காணொளியில் எல்லாம் கண்ணெதிரே ஓடி மறைகிறது.

கோரையாற்று ஆசிரியர்:
இதயத்தை வரையத்தான் வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் உட்கார்ந்துவிடும் ஆசிரியர் திரை வருவதற்கு முன்பும் நோட்ஸ் எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்தவர்தான். மேட்டூர் திறந்ததும், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று பிள்ளைகளைப் படம் பார்த்துக் கணிக்கச் சொல்லப்போகிறேன். பிறகு மதகடிக்குப் போய்ச் சரிபார்ப்போம். நீங்களும் வாருங்கள் ஐயா, லஸ்கரிடமும் சொல்லிவைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
வருகிறேன். ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மதகடியில் நிறுத்தி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே மண்ணில் கோடு போட்டுக் காட்டட்டும். பிறகு திரையைப் போடுங்கள். விடையை முதலில் காட்டிவிட்டால் ஊகிக்க என்ன இருக்கிறது?