பிரித்து ஒட்டிய ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்: உதவுங்கள்

என்னுடைய கார் 2014 ஸ்விஃப்ட், எச்4 ஹாலஜன் பல்பு. ஆகஸ்டில் வீட்டிலேயே இரண்டு ஹெட்லைட்டையும் பிரித்து, உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்தேன். முன் கண்ணாடியையும் பின் கூட்டையும் ஒட்டியிருக்கும் பழைய பியூட்டைல் பசையை (ரப்பர் போன்றது) ஹீட் கன்னால் இளக்கித்தான் திறந்தேன்; க்ளிப் எதுவும் உடையவில்லை. வலது பக்கம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. இடதுதான் பாடாய்ப் படுத்துகிறது.

ஊர் நாகர்கோவில். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிகிறது. இன்டிகேட்டருக்குக் கீழ் மூலையில் தண்ணீரே நிற்கிறது. இரவில் அந்தப் பக்க வெளிச்சம் சிதறுகிறது, எதிரே வருபவர்களுக்குக் கண் கூசுமோ என்று பயமாக இருக்கிறது.

பின்பக்க ரப்பர் கவரை மாற்றிவிட்டேன். ஹெட்லைட்டின் காற்றுக் குழாயில் அடைப்பில்லை. பல்பைக் கழற்றி ஹேர் டிரையரால் உலர்த்தினால் இரண்டு நாள் சரியாக இருக்கும், அடுத்த மழையில் பழையபடிதான். அப்புறம் விளிம்பைச் சுற்றி வெளியே சிலிக்கான் தடவினேன், பலனில்லை. ஒட்டும்போது இடது பக்கம் மட்டும் பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது பியூட்டைல் டேப் வைத்துவிட்டேன். என் சந்தேகம் அதில்தான்.

மறுபடி திறந்து, கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் இருக்கும் பழைய பசை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினால் கசிவு நிற்குமா?