ஒரே மூஞ்சூறு, பாதி எடை

பழகிய விலங்கையே வேறு ஊரில் பார்த்து, அளவை வைத்து ஏமாந்த அனுபவம் யாருக்காவது உண்டா? என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் அதிகம் கையில் பிடித்து எடை போட்டது வீட்டு மூஞ்சூறுகளைத்தான். முதலில் வேலை செய்த இடம் சமவெளி. அங்கே வளர்ந்த ஆண் 90 கிராமைத் தாண்டுவது சாதாரணம். அப்புறம் ஒரு தீவுக்குப் போனேன். முதல் நாள் விடியற்காலையில் பொறியைத் திறந்தால் உள்ளே சின்னதாக ஒன்று. 38 கிராம். குறிப்பேட்டில் "குட்டி" என்று எழுதி விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படி, மூன்றாம் நாளும் அப்படி. நான்காவதைத் துணிப்பையிலிருந்து எடுத்தபோதுதான் வாயைப் பார்த்தேன். பல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. விலாப்புறத்துக் கஸ்தூரிச் சுரப்பி புடைத்து, கையெல்லாம் அந்த நாற்றம். குட்டிக்கு ஏது தேய்ந்த பல்?

உடனே அடுத்த தப்புக்குப் போனேன்: அப்படியானால் இது வேறு இனம். அதுவும் இல்லை. இந்த ஒரே இனத்தில் ஆண்களின் எடை 33 கிராமிலிருந்து 147 கிராம் வரை பதிவாகியிருக்கிறது. வங்கதேசத்திலிருந்தும் நாகசாகியிலிருந்தும் பிடித்துவந்தவற்றின் வாரிசுகளை ஜப்பானிய ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். கூண்டுக்கு வந்த பிறகும் வங்கதேச வழி பெரிதாகவே இருந்தது, நாகசாகி வழி சிறிதாகவே இருந்தது. தீனி மட்டும் காரணமில்லை, பிறப்பிலேயே வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

* * *

எனக்கு நடந்தது நேர் எதிர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் கில்டா தீவுகளுக்கு ஒரு கோடையில் போயிருந்தேன். 1930இல் மக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போன இடம். அவர்களை அண்டி வாழ்ந்த வீட்டுச் சுண்டெலி அதன்பின் அழிந்துவிட்டது. காட்டுச் சுண்டெலி மட்டும் தங்கிவிட்டது. இடிந்த கற்சுவர் இடுக்கிலிருந்து அது எட்டிப் பார்த்தபோது எலிக்குஞ்சோ என்றுதான் நினைத்தேன். பிரிட்டன் பெருநிலத்தில் இருக்கும் அதே இனம், எடை மட்டும் இரண்டு மடங்கு!

தீவில் சிறிய விலங்குகளின் உடல் பெரிதாகும், பெரியவற்றின் உடல் சிறிதாகும் என்று 1964இல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் எழுதினார். பிடித்துத் தின்னும் விலங்குகளும் போட்டியாளர்களும் குறைவாக இருப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். தெற்கு அட்லாண்டிக்கின் காஃப் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக் கப்பல்களில் போய் இறங்கிய வீட்டுச் சுண்டெலிகள் இன்று வழக்கத்தைவிடப் பெருத்து, ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் உங்கள் மூஞ்சூறு இந்த விதிக்குள் வரவே இல்லையே.

* * *

குளிர் கூடக்கூட உடல் பெரிதாகும் என்று 1847இல் பெர்க்மன் என்ற ஆய்வாளர் சொன்னதும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பருத்த உடலுக்கு எடைக்கேற்ற தோல்பரப்பு குறைவு, அதனால் வெப்பம் மெதுவாகப் போகும். கணக்கு சரிதான். ஆனால் ஊனுண்ணிகளிலேயே மிகச் சிறியதான குட்டி வீசலை (கீரி போல நீண்டு மெலிந்த விலங்கு) நான் வட ஐரோப்பாவின் பனியில் பார்த்தபோது விரல் தடிமன்தான் இருந்தது. மத்தியதரைக்கடல் பக்கம் அதே இனம் நன்றாகப் பெரிது. வடக்கே அது எலி வளைக்குள் நுழைந்து வேட்டையாட வேண்டும். உடம்பு மெலிந்திருந்தால்தான் பிழைப்பு என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எந்த மாதத்தில் எடை போட்டீர்கள்? ஐரோப்பாவின் சாதாரண மூஞ்சூறுக்குக் குளிர்காலத்தில் மண்டையோடே சுருங்கும், வசந்தத்தில் மறுபடி ஓரளவு வளரும். டேனல் என்ற ஆய்வாளர் இதை 1949இல் எழுதினார். ஒரே விலங்கைத் திரும்பத் திரும்பப் பிடித்து அளந்தவர்கள் மண்டையின் உயரம் சராசரியாக 15 சதவீதம் குறைவதைப் பார்த்தார்கள். ஓர் ஊரில் ஜனவரியிலும் இன்னோர் ஊரில் ஜூனிலும் அளந்துவிட்டு இடம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

* * *

நல்ல கேள்வி. என் மூஞ்சூறுகளை எடை போட்டது சமவெளி, தீவு இரண்டு இடத்திலும் மழைக்கு முந்தைய மாதங்களில்தான், அந்த வகையில் தப்பித்தேன். ஆனாலும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறேன். தென்னிந்திய, இலங்கை மலைகளில் இருப்பதை ஒரு காலத்தில் இந்த மூஞ்சூறின் கிளையினம் என்றே வைத்திருந்தார்கள், இப்போது இந்த இனத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். அளவு இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

அதற்குப் பிறகு எடையை மட்டும் நம்புவதில்லை. வால் அறுந்திருக்கும், வயிற்றில் குட்டி இருக்கும், உடல் நீளம் இழுத்துப் பிடிக்கிற ஆளுக்கு ஆள் மாறும். நகத்தை விட்டுவிட்டு அளக்கும் பின்பாதம் அவ்வளவு ஏமாற்றாது. பல், பாலினம், மாதம் மூன்றும் கட்டாயம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பொறியைப் பார்த்துவிடுங்கள், மூஞ்சூறு பட்டினியில் சீக்கிரம் செத்துப்போகும்.

அந்தத் தீவுக் குறிப்பேட்டில் முதல் மூன்றுக்கும் "குட்டி" என்பதை அடித்துவிட்டேன். பல்லைப் பார்க்காமலே விட்டுவிட்டதால் வயதுக் கட்டம் காலியாகவே இருக்கிறது.