கார்டிசால் ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

குழுவில் உள்ள மருத்துவர்கள், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் உதவ வேண்டும். முக்கூடலில் பீடி சுற்றும் என் மதினிக்குச் சில மாதங்களாகத் தூக்கமே இல்லை. மடியில் தட்டும், கையில் வெட்டிய இலையுமாக அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது என்கிறார். குழுக்கடன் நெருக்கடி வேறு.

டவுனில் ஓர் ஆய்வகம் ‘மன அழுத்தப் பேக்கேஜ்’ என்று சொல்லிச் சாயங்காலம் ரத்தம் எடுத்தது. மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் ஹார்மோனான கார்டிசால் சரியாக இருக்கிறதாம், அதனால் மனதில் ஒன்றுமில்லையாம்! கார்டிசால் காலையில் எழுந்ததும் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டும். மதினி சாப்பிடுகிறார், யாரும் கேட்கவில்லை. மனச்சோர்வையோ பதற்ற நோயையோ ரத்தத்தை மட்டும் பார்த்து உறுதிசெய்யும் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை என்றுதான் படித்திருக்கிறேன். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்ப்பதிலாவது அர்த்தம் உண்டு. அவை கோளாறானாலும் இதே களைப்பு வரும். அவற்றை எடுக்கவே இல்லை.

எச்சிலிலும் தலைமுடியிலும் கார்டிசால் பார்க்கிறார்களே, ஒரு சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய ஒரு மாதக் கணக்கு என்று, அது சிகிச்சைக்கு உதவுமா, ஆராய்ச்சிக்கு மட்டும்தானா? பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு எந்த நேரம் போனால் பொறுமையாகப் பேசலாம்? பெண் மருத்துவர் இருந்தால் நல்லது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசச் சொன்னேன். வீட்டில் ஆட்களை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்கிறார். வேப்பிலை அடிக்க யாரும் சொல்ல வேண்டாம், அது ஏற்கெனவே ஆயிற்று.