மருந்து ஏற்றும் முன்பே காண்ட்ராஸ்ட் மோடில் வெள்ளைக் கோடு: மெஷின் எதைப் பிடிக்கிறது?

கேள்வி (பயோமெடிக்கல் மாணவன்):
கல்லீரலுக்குக் காண்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் (ரத்தத்தில் நுண்குமிழி மருந்தை ஏற்றி எடுக்கும் ஒலி ஸ்கேன்) செய்வதை உடனிருந்து பார்த்தேன். திரையில் ஒரு பக்கம் சாதா பி-மோட் (வழக்கமான கறுப்பு-வெள்ளைப் படம்), மறுபக்கம் குமிழியை மட்டும் காட்ட வேண்டிய காண்ட்ராஸ்ட் மோட். ஊசி போடும் முன் காண்ட்ராஸ்ட் பக்கம் முழுக்கக் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்? உதரவிதானக் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. அப்புறம், ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு பல்ஸை (ஒலித்துடிப்பை) அனுப்பி எதிரொலிகளைக் கூட்டுவார்களாம். கூட்டினால் குமிழி மட்டும் எப்படி மிஞ்சும்?

பதில் 1 (சிக்னல் பிராசஸிங் வேலையில் இருப்பவன்):
இரண்டாவது கேள்வியை முதலில் முடிப்போம். சோனோவ்யூ என்ற காண்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது லிப்பிட் (கொழுப்பு) உறை போர்த்திய சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு குமிழி, சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். அழுத்தினால் ஓரளவுதான் சுருங்கும், அழுத்தம் தளர்ந்தால் தாராளமாக விரியும். இந்த ஓரவஞ்சனைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

புத்தகங்கள் சைன் அலை வரைந்தே குழப்பும். எண்ணில் பாருங்கள். குமிழியின் எதிரொலியில் நேர்விகிதப் பகுதி (அனுப்பிய அலையின் அளவுக்கேற்ப வருவது) 10, வர்க்கப் பகுதி (அந்த அளவின் வர்க்கத்துக்கேற்ப வருவது) 2 என்று வையுங்கள். முதல் பல்ஸுக்கு 10+2=12. தலைகீழ் பல்ஸுக்கு -10+2=-8; வர்க்கத்துக்குக் குறி மாறாதே. கூட்டினால் 4. குறைந்த பவரில் திசுவில் வர்க்கப் பகுதி ஏறக்குறைய இல்லை: 10-10, பூஜ்யம்.

மிஞ்சுவது இரட்டை அதிர்வெண்ணில் வரும். 3 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் 6. அது ஆழத்திலிருந்து வருவதற்குள் தேய்ந்துவிடும். அதனால்தான் பல மெஷின்கள் முழு பல்ஸ், பாதி பல்ஸ் என்று அனுப்பி, பாதியின் எதிரொலியை இரண்டால் பெருக்கிக் கழிக்கின்றன. நம் கணக்கில் பாதி பல்ஸுக்கு 5+0.5=5.5, இரண்டால் பெருக்கினால் 11; 12-11=1. சின்ன எண்தான், ஆனால் நிஜக் குமிழியில் அடிப்படை அதிர்வெண்ணிலும் கொஞ்சம் மிஞ்சும். ஆழமான கல்லீரலுக்கு என் ஓட்டு இதற்கே.

இப்போது உங்கள் கோடு. பவர் கூடினால் திசுவுக்குள் போகும் ஒலியலையே வழியில் உருக்குலைந்து ஹார்மோனிக்கை, அதாவது மேலே சொன்ன இரட்டை அதிர்வெண் ஒலியை, உண்டாக்கும். உதரவிதானம் மாதிரி பலமாக எதிரொலிக்கும் இடத்தில் அது பளிச்சிடும். இல்லையென்றால் மூச்சு. இரண்டு பல்ஸுக்கு நடுவே கோடு நகர்ந்தால் கழித்தல் சரியாக விழாது.

பதில் 2 (ரேடியாலஜிஸ்ட்):
தம்பி, கோடு லேசாகத் தெரிவது தப்பில்லை. கெயினை (எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை) அந்த அளவுக்கு வைத்துத்தான் நாங்களே தொடங்குவோம். பளிச்சென்று தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (அனுப்பும் ஒலியின் பலத்தைக் காட்டும் எண்) எவ்வளவு இருந்தது? நான் 0.1-ஐத் தாண்ட விடுவதில்லை, மேலே போகப்போக குமிழிகளும் உடையும்.

ஊசி போட்ட பிறகு சந்தேகம் வந்தால் ஃபிளாஷ் கொடுத்துப் பாருங்கள். சில ஃபிரேமுக்குப் பவரை ஏற்றினால் அந்தத் தளத்துக் குமிழிகள் உடைந்துவிடும். அணைந்து, ரத்தத்தோடு திரும்பி நிரம்பினால் அது காண்ட்ராஸ்ட். ஆடாமல் அப்படியே நின்றால் சுண்ணாம்புப் படிவு மாதிரி ஏதாவது.

கேட்டவன்:
சேமித்த கிளிப்பைப் பார்த்தேன் மேடம். 0.19 இருக்கிறது. மூச்சைப் பிடித்திருக்கும்போதும் கோடு மங்கவில்லை.

பதில் 1:
அப்படியானால் மூச்சு இல்லை, பவர்தான். அடுத்த தடவை 0.08-க்கு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.