கலைச்சொல் விவாதம்: ஸ்டெப் தரநிலையில் வரும் ‘அப்ளிகேஷன் புரோட்டோகால்’

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐ.எஸ்.ஓ. 10303, அதாவது ஒரு வடிவமைப்பு மென்பொருளின் மாதிரியை இன்னொன்று படிக்க உதவும், பட்டறையில் நாம் ஸ்டெப் என்று சொல்லும் பொருள்தரவுப் பரிமாற்றத் தரநிலைக்கான சொற்பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. உருபொருள் (என்டிட்டி), பண்பு, திட்டவரை (ஸ்கீமா), முகம், விளிம்பு, முனை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாயிற்று. ‘அப்ளிகேஷன் புரோட்டோகால்’ மட்டும் பாக்கி. பட்டியலில் இப்போது ‘பயன்பாட்டு நெறிமுறை’ என்று இருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

கணினித் துறையில் ‘நெறிமுறை’ என்றால் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் ஒழுங்கு. இணையப் பக்கத்தைக் கொண்டுவரும் ஒழுங்கையும் மின்னஞ்சலை அனுப்பும் ஒழுங்கையும் ஏற்கெனவே ‘பயன்பாட்டு அடுக்கு நெறிமுறை’ என்றுதான் எழுதுகிறோம். ‘பயன்பாடு’ என்றால் மாணவர் மனத்தில் வருவது கைபேசிச் செயலி. ஆக, இந்தச் சொல்லைப் பார்ப்பவர் ஸ்டெப் கோப்பைக் கம்பிவழியே அனுப்பும் முறை என்று நினைத்துக்கொள்வார். ஸ்டெப்பில் கோப்பை எப்படி அனுப்புவது என்ற பேச்சே கிடையாது. மின்னஞ்சலில் போகலாம், பென் டிரைவில் போகலாம்.

அங்கே ‘அப்ளிகேஷன்’ குறிப்பது ஒரு தொழில்துறையின் வேலையை. ஒவ்வொரு ‘அப்ளிகேஷன் புரோட்டோகாலுக்கும்’ ஓர் எண் உண்டு. 203 என்பது இயந்திர உறுப்புகள், தொகுப்புகளின் வடிவமைப்புக்கு. 209 பகுப்பாய்வுக்கு, 210 மின்னணுச் சுற்றுப்பலகைக்கு, 214 மோட்டார் வாகனத்துக்கு, 238 எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரத்துக்கு. 2014-இல் வந்த 242, 203-ஐயும் 214-ஐயும் ஒன்றாக்கியது.

இப்படித் துறைவாரியாகப் பிரித்ததற்கான காரணம், ஸ்டெப்புக்கு முந்தைய பரிமாற்றத் தரநிலையான ஐஜெஸ்ஸில் இருக்கிறது. 1980-இல் வந்த ஐஜெஸ்ஸில் கோடு, வட்டவில், வளைபரப்பு என்று எல்லாம் ஒரே மூட்டையில் கிடந்தன. எந்த மென்பொருளும் முழு மூட்டையையும் எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்தது. ஒன்று எழுதிய உருவகையை மற்றது படிக்காது. இரண்டுமே ‘ஐஜெஸ் ஆதரவு உண்டு’ என்று விளம்பரம் செய்யும். ஸ்டெப் குழுவினர் இதைச் சரிசெய்யத்தான், இந்த வேலைக்கு இந்தத் தரவு, இதற்கு இதுதான் பொருள், இதை இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு துறைக்கும் தனி ஆவணம் வகுத்தார்கள்.

அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘துறை வரைவு’ என்று தொடங்குகிறேன்.

மடல் 2

ஐயா, காரணங்களை முழுமனதோடு ஏற்கிறேன். ‘வரைவு’ வேண்டாம். அரசாணையிலும் சட்டமன்றச் செய்தியிலும் வரைவு என்றால் இன்னும் இறுதியாகாதது. வெளியாகி நடைமுறையில் இருக்கும் தரநிலையை வரைவு என்று அழைத்தால், இறுதி வடிவம் எப்போது வரும் என்று கேட்பார்கள்.

‘துறை வரையறை’யும் உதவாது. கோப்புக்குள் ‘பிராடக்ட் டெஃபினிஷன்’ என்று ஓர் உருபொருள் இருக்கிறது. அதற்குப் ‘பொருள் வரையறை’ என்று போன மாதமே முடிவு செய்துவிட்டோம்.

என் பரிந்துரை ‘துறை உடன்பாடு’. அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்தால் இது ஏன் பொருந்துகிறது என்று தெரியும். முதலில் எல்லை வருகிறது. எது உள்ளே என்பதோடு எது வெளியே என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்து அந்தத் துறைப் பொறியாளர் பேசும் சொற்களிலேயே தேவை மாதிரி: உறுப்பு, பதிப்பு, ஒப்புதல், தொகுப்பு. அதன் பின் பொருத்து அட்டவணை. கடைசியாகக் கோப்பு மாதிரி, தரவின் அமைப்பை எழுதும் எக்ஸ்பிரஸ் மொழியில்.

பொருத்து அட்டவணைதான் இதன் உயிர். தரநிலையின் 41, 42, 43, 44 ஆகிய பாகங்களில் எல்லாத் துறைக்கும் பொதுவான உருபொருள்கள் இருக்கின்றன. அவை எந்தத் தொழிலின் சொல்லும் இல்லாமல் பொதுப்படையாக இருக்கும். பொறியாளர் ‘உறுப்பின் பதிப்பு’ என்பதை, கோப்பு ‘பிராடக்ட் டெஃபினிஷன் ஃபார்மேஷன்’ என்கிறது. அட்டவணையைப் பார்க்காமல் எக்ஸ்பிரஸ் திட்டவரையை மட்டும் வைத்து நிரல் எழுதுபவர், திருத்த எண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் உறுப்பின் பெயரோடு ஒட்டிவிடுவார். பெறுகிற பக்கத்தில் ஒரே உறுப்பு ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது உறுப்பாகப் பதிவாகும். தொகுப்பு மரம் முழுக்கக் குழம்பிவிடும்.

மடல் 3

அம்மா சொன்ன அமைப்பு விளக்கம் அப்படியே சொற்பட்டியலின் குறிப்பில் போக வேண்டியது. ஆனால் ‘துறை உடன்பாடு’ என்றால் செய்தித்தாள் படிப்பவருக்கு இரண்டு அரசுத் துறைகள் கையெழுத்திட்டது போல ஒலிக்கும். எண்ணோடு சேர்த்துச் சொல்லவும் வரவில்லை. ‘துறை உடன்பாடு 242-இன் இணக்க வகுப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாளுக்குப் பத்து முறை சொல்ல வேண்டிய சொல் இது.

‘துறைநெறி’ எப்படி? நெறிமுறையிலிருந்து நெறி மட்டும் நிற்கிறது. துறை என்ற முன்சொல் இதைக் கணினி வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுகிறது. துறைநெறி 203, துறைநெறி 242, துறைநெறித் திட்டவரை என்று எந்தச் சொல்லோடும் சேரும்.

சொல் எதுவானாலும் அது இணக்க வகுப்பையும், அதாவது ஒரு மென்பொருள் அந்த ஆவணத்தின் எந்தப் பகுதியை நிறைவேற்றுகிறது என்று சொல்லும் பிரிவையும், தாங்க வேண்டும். 203-இன் முதல் பதிப்பில் 6 வகுப்புகள். முதலாவதில் வடிவமே இல்லை, நிருவாகத் தரவு மட்டும். இரண்டாவதில் இடத்தியல் இணைப்பு (எந்த விளிம்பு எதோடு சேர்கிறது என்ற தகவல்) இல்லாத கம்பிச்சட்டமும் பரப்பும். மூன்றாவதில் இணைப்போடு கூடிய கம்பிச்சட்டம், நான்காவதில் இணைப்போடு கூடிய பரப்பு. ஐந்தாவதில் தட்டை முகங்களாலான திண்மம். ஆறாவதில்தான் வளைந்த முகங்களோடு முழுமையான எல்லைவழித் திண்மம் (சுற்றியுள்ள முகங்களால் வரையறுக்கப்படும் திண்மம்). ‘203 படிப்போம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்த வகுப்பு என்று கேட்காதவரை அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

மடல் 4

துறைநெறிக்கு என் ஆதரவு. ‘தொழில்நெறி’ என்ற ஒழுக்கவியல் சொல்லோடு குழப்பம் வருமோ என்று முதலில் தயங்கினேன். எண் கூடவே வருவதால் வராது.

பட்டறைப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்க வேண்டும். அச்சு (மோல்டு) வேலையில் முகத்துக்கு நிறம் கொடுத்துச் செய்தி சொல்வது வழக்கம்: ஒரு நிறம் என்றால் மரைத்துளை, இன்னொன்று என்றால் துல்லியக் கடைசல். வாடிக்கையாளர் ‘ஸ்டெப் ஃபைல்’ என்று மட்டும் கேட்கிறார், அனுப்புபவர் 203 முதல் பதிப்பில் ஏற்றுமதி செய்கிறார். அந்தப் பதிப்பின் எல்லையில் காட்சித் தோற்றம் ‘வெளியே’ என்ற பட்டியலில் இருக்கிறது. நிறம் வராது. சில மென்பொருள்கள் எல்லையைத் தாண்டி நிறத்தையும் எழுதின. பெறுகிற பக்கம் அதைப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பொறுதி (டாலரன்ஸ்) அளவுகளைக் கணினியே படித்துப் புரிந்துகொள்ளும்படி அனுப்ப வேண்டுமானால் 242 கேட்பதுதான் முறை.

கோப்பின் பின்னொட்டைப் பார்த்து இது தெரியாது. பெரும்பாலும் எல்லாத் துறைநெறிக்கும் ஒரே பின்னொட்டுதான். கோப்பை நோட்பேடில் திறக்க வேண்டும். முதல் வரியில் ஐஎஸ்ஓ-10303-21 என்று இருக்கும். அதன் கீழே தலைப்புப் பகுதியில் ‘ஃபைல் டிஸ்கிரிப்ஷன்’, ‘ஃபைல் நேம்’ இரண்டையும் தாண்டினால் ‘ஃபைல் ஸ்கீமா’. அங்கே ‘கான்ஃபிக் கன்ட்ரோல் டிசைன்’ என்றிருந்தால் 203 முதல் பதிப்பு. ‘ஆட்டோமோட்டிவ் டிசைன்’ என்றால் 214. ‘ஏபி242’ என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை. பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்காததால் நிறமில்லாத மாதிரியை வைத்து மரை போட வேண்டிய துளையைச் சும்மா துளைத்துவிட்ட பட்டறைகள் உண்டு.

மடல் 5

ஒரு ஐயம். அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே துறைநெறி, ஒரே வகுப்பு. இருந்தும் திண்மமாகப் போனது வெறும் பரப்புகளாக வந்து விழுகிறது. அப்படியானால் நெறி என்ற சொல் கொடுக்கிற உறுதி பொய்யாகிவிடாதா?

மடல் 6

நல்ல கேள்வி. துறைநெறி எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை என்பதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.

ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பில் ஒரு திண்மம், அதற்கு ஒரு மூடிய ஓடு, ஓட்டில் 6 முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு விளிம்புக் கண்ணி. விளிம்புகள் 12தான், ஆனால் திசை குறித்த விளிம்புகள் 24. ஒவ்வொரு விளிம்பும் பக்கத்து முகங்கள் இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் ஒருமுறை வரும். முனைகள் 8. இந்தப் பிணைப்பு முழுவதும் துறைநெறியின் பொறுப்பு.

விளிம்பு வளைகோடு முகத்தின் பரப்பின்மேல் எவ்வளவு துல்லியமாகப் படிந்திருக்கிறது என்பது அனுப்பிய மென்பொருளின் வடிவக் கருவகத்தை (வடிவக் கணக்குகளைச் செய்யும் உட்பகுதியை) சேர்ந்தது. அனுப்பியவர் 0.01 மி.மீ. இடைவெளியை ‘ஒட்டியிருக்கிறது’ என்று ஏற்பவர், பெறுபவர் 0.001-க்கு மேல் ஏற்காதவர் என்றால், பெறும் மென்பொருள் விளிம்புகளைத் தைக்க மறுக்கும். முகங்கள் தனித்தனியே நிற்கும். இந்த ஐயப்பாட்டு அளவைக் கோப்பிலேயே அலகுகளோடு சேர்த்து எழுத இடம் உண்டு. அதைப் படிக்காத மென்பொருள்களால்தான் பாதித் தொல்லை. கோப்பு வந்ததும் செய்ய வேண்டியது: கன அளவு, பரப்பளவு, பொருண்மை மையம் மூன்றையும் அனுப்பியவரின் எண்களோடு ஒப்பிடுங்கள். ஏற்றுமதியிலேயே இவற்றைச் சரிபார்ப்புப் பண்புகளாகச் சேர்த்தனுப்பும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. நீளங்கள் எல்லாம் சரியாக 25.4 மடங்கு தள்ளி நின்றால் அலகுதான் (அங்குலமா, மி.மீ.யா என்பது) கோளாறு. வடிவத்தைத் தொட வேண்டாம்.

வடிவமைத்த வரலாறு வரவில்லை என்ற புகாரையும் இதோடு சேர்க்காதீர்கள். வழக்கமான ஏற்றுமதியில் போவது முடிந்த வடிவம். துளை என்பது அங்கே ஓர் உருளைப் பரப்பு, அவ்வளவுதான். வடிவமைத்த வரலாற்றின் வழியே விட்டத்தை 8-லிருந்து 10 ஆக மாற்ற வேண்டுமென்றால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

மடல் 7

எதிர்ப்பு இல்லாததால் ‘துறைநெறி’ பட்டியலில் ஏறுகிறது.

தனிமடலில் ஒருவர், கோப்புக்குள் வரும் உருபொருள் பெயர்களையும் தமிழாக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. அவை தரநிலையின் நிலைச்சொற்கள், ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு படிக்கப்படாது. ஒற்றை மேற்கோளுக்குள் வரும் உறுப்புப் பெயர், விளக்கம் ஆகியவற்றில் தமிழ் தாராளமாக வரலாம். கோப்பை எழுதும் விதத்தைச் சொல்லும் 21-ஆம் பாகத்தின் பழைய முறையில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் நான்கு பதினறும இலக்கங்கள். ‘தண்டு’ என்பதற்கு 5 குறிகள், 20 இலக்கங்கள். 2016 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 நேரடியாகவே ஏற்கப்படுகிறது. பெறும் மென்பொருள் பழையதாக இருந்தால் கட்டம்கட்டமாகத் தெரியும், ஆகவே முதலில் ஒரே ஓர் உறுப்பை அனுப்பிச் சோதியுங்கள்.

கொள்முதல் ஆணையில் சேர்க்கத் தமிழ் வாசகம் ஒன்று கேட்டிருந்தீர்கள்:

“மாதிரிகளை ஐ.எஸ்.ஓ. 10303, துறைநெறி 242-இன்படி, எல்லைவழித் திண்மமாக, மி.மீ. அலகில் தர வேண்டும். முக நிறங்களும் பொறுதி அளவுகளும் கோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் கன அளவு, பரப்பளவு, பொருண்மை மையம் ஆகியவற்றைச் சரிபார்ப்புப் பண்புகளாகச் சேர்க்க வேண்டும். திருத்த எண்ணைப் பதிப்புக்கான உருபொருளில் எழுத வேண்டும், உறுப்பின் பெயரில் எழுதக் கூடாது.”